பழிவாங்கப் படித்த படிப்பு

வேலைக்குப் போய்க்கொண்டே படித்து முன்னுக்கு வந்தவன் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். எங்கள் திலக் நகர் கட்டடத்தில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிற நாளில் என்னை மேடையில் ஏற்றி, விடாமுயற்சிக்கு உதாரணம் என்று அறிமுகம் செய்வார்கள். நானும் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உண்மையைச் சொன்னால் பிள்ளைகளின் தாய்மார் எழுந்து போய்விடுவார்கள். ஒரு மனிதரை நாலு பேர் பார்க்கத் தலைகுனிய வைக்க வேண்டும் என்ற ஒரே வெறியில் இருபத்தொன்பது வயதில் பென்சிலைக் கையில் எடுத்தவன் நான்.

அந்த மனிதர் எங்கள் மேஸ்திரி. அறுபதுகளின் தொடக்கத்தில் விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் நான் மில்லிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு தாராவியில். விடிந்ததும் சயான் ஸ்டேஷனுக்கு நடந்து போய் வண்டி பிடிக்க வேண்டும். மேஸ்திரியும் தாராவிக்காரர்தான். எங்கள் ஊர்ப்பக்கம்தான், திருநெல்வேலிக்குத் தெற்கே. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டால் எனக்கு ரொம்பச் சாதகமாகப் போய்விடும்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. டிராயிங் என்கிற நீலத்தாள் மேஸ்திரியின் கக்கத்தை விட்டு இறங்காது. காலையில் தாளைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வருவார். ஒவ்வொரு மெஷின் முன்னாலும் நின்று, பாதி விரித்துப் பார்த்து, சாக்பீஸை எடுத்து இரும்பின் மேலேயே கோடு கிழிப்பார்.

"இங்கன இருந்து ரெண்டு இஞ்ச்சு. ஆழம் அரை இஞ்ச்சு. வெட்டுடே."

நாங்கள் வெட்டுவோம். தாளை எட்டிப் பார்த்தால் சட்டென்று சுருட்டிக்கொள்வார். "இது ஒனக்கு எதுக்கு? ஒன் கை வேலையப் பாக்கட்டும். என் கண்ணு தாளைப் பாத்துக்கிடும்" என்பார். முப்பது பேர் வேலை செய்த அந்தக் கூடத்தில் டிராயிங் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் எங்கும் போய்ப் படித்ததில்லை. பழைய ஃபோர்மேன் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் பத்து வருஷம் நின்று கற்றுக்கொண்டது. அந்தத் தாள் இருக்கும்வரைதான் அவர் மேஸ்திரி. எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கோடு போட்டுக் கொடுத்தால் வெட்டுவதற்கு மூளை வேண்டாம்.

அந்த வருஷம் எங்கள் கம்பெனி ஒரு அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தது. அங்கிருந்து புது டிராயிங்குகள் வரத் தொடங்கின. அவற்றில் ஒன்று வார்ப்பிரும்பு பிராக்கெட், அறுபது பீஸ். அதன் ஒரு பக்கத்தில் ஸ்லாட் என்கிற நீளப் பள்ளம் வெட்ட வேண்டும். வார்ப்பு இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். மேஸ்திரி முதல் பீஸை என் மெஷினில் அவர் கையாலேயே வைத்து, கோடு போட்டுக் கொடுத்தார். அவர் வைத்த மாதிரியே மீதி ஐம்பத்தொன்பதையும் வைத்து மூன்று நாளில் வெட்டி முடித்தேன். முடித்த அன்று நல்ல வேலை செய்துவிட்டதாக எனக்கே ஒரு பெருமை.

நாலாம் நாள் ஃபிட்டிங் பிரிவிலிருந்து ஒரு பிராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எதிலும் பொருந்தவில்லை. ஸ்லாட் வலது பக்கம் இருக்க வேண்டியது, இடது பக்கம் இருந்தது. அறுபதும் பங்காருக்குத்தான், அதாவது பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும். என்ஜினீயர் வந்தார், மராட்டிக்காரர், சிடுசிடுப்பானவர். யார் செய்தது என்று கேட்டார். மேஸ்திரி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"நான் கோடு சரியாத்தான் போட்டுக் குடுத்தேன் சாப். இவன் பீஸைத் திருப்பி மாட்டிட்டான்."

இதை அவர் ஹிந்தியிலும் சொன்னார். நான் திருப்பவில்லை, அவர் வைத்தபடியேதான் வைத்தேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். என்ஜினீயர் நீலத்தாளை என் மூக்குக்கு நேரே விரித்துப் பிடித்தார். "படிக்கத் தெரியுமா? எது வலது, எது இடது, காட்டு பார்க்கலாம்" என்று ஹிந்தியில் கேட்டார். கோடும் எண்ணும் எறும்பு ஊர்வதுபோல இருந்தன. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "தெரியாதில்லையா? தோ சுப் ரஹோ" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு காகிதம் வந்தது. தப்பு என்னுடையது என்று நான் ஒப்புக்கொள்வதாக அதில் இருந்ததாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டியவர் மேஸ்திரி. "போடுடே. போட்டா வேலையாவது மிஞ்சும்" என்றார். தமிழில் என் பெயரை எழுதினேன். மெஷினை என்னிடமிருந்து எடுத்து ஆண்டாப் ஹில்லிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். அதற்கு எதிரே இருந்த மேஜையில் அரத்தைக் கையில் கொடுத்து என்னைப் பிசிறு எடுக்க உட்கார வைத்தார்கள். என் மெஷினை இன்னொருவர் ஓட்டுவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இரும்பைத் தேய்க்க வேண்டும். வண்டியில் கூட வரும் ஆட்கள் வேறு சும்மா இருக்கவில்லை. "ஏ, சட்டையைத் திருப்பி மாட்டிராதடே" என்று பெட்டி முழுக்கச் சிரிப்பார்கள்.

எனக்கு மெஷின் போனதைவிட அந்த ஒரு பொய்தான் தொண்டையில் நின்றது. அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால், தப்பு தன்னுடையதுதான் என்று அந்த மனிதர் தன் வாயால் சொல்ல வேண்டும். இது நடக்காமல் சாகக் கூடாது என்று முடிவு செய்தேன். அதற்கு முதலில் அந்த நீலத்தாளைப் படிக்கத் தெரிய வேண்டும்.

மாதுங்காவில் வேலைக்குப் போகிறவர்களுக்கென்று மாலையில் மெஷின் டிராயிங் வகுப்பு நடந்தது. திங்கள், புதன், வெள்ளி. இரண்டு வருஷப் படிப்பு. ஓவர்டைமை விட்டேன். ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டத்தை விட்டேன். சினிமாவை விட்டேன். இதையெல்லாம் இப்போது தன்னை வளர்த்துக்கொள்வது என்று அழகாகச் சொல்கிறார்கள். சோர் பஜாரில் பழைய டிராயிங் பெட்டி ஒன்றும், டீ ஸ்கொயர் என்கிற, கோடு போடுகிற மரச்சட்டம் ஒன்றும் என் இடுப்பளவு நீளத்தில் வாங்கினேன். அதைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினால் நுழைவதற்குள் நாலு பேர் வைவார்கள்.

என் மனைவிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிய பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்த மனுசன வையுததுக்கு ரெண்டு வருசப் படிப்பா? நேராப் போயி நல்லா நாலு வார்த்தை வஞ்சிட்டு வாங்க. அடுத்த தெருவுலதான இருக்காவ?"

"வஞ்சா அன்னைக்கோட போயிரும். இது போகாது" என்றேன்.

வகுப்பில் என் கைதான் எனக்கு எதிரி. எட்டு மணி நேரம் இரும்பைத் தேய்த்துவிட்டு வருகிறவன். மண்ணெண்ணெயில் கழுவி, மரத்தூளில் தேய்த்து, சோப்புப் போட்டாலும் விரல் ரேகைக்குள் கறுப்பு நிற்கும். முதல் மாதம் நான் வரைந்த தாளை வாத்தியார் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அவர் மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பகலில் ஏதோ ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன்.

"என்ன ஓய், டிராயிங் கேட்டா கைரேகை குடுத்திருக்கீர்? நான் என்ன ஜோஸ்யனா?"

வகுப்பே சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பும் மேஸ்திரியின் கணக்கில்தான் சேர்ந்தது. அடுத்த வாரத்திலிருந்து கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வரைந்தேன். பென்சிலை உளிபோலச் சீவக் கற்றுக்கொண்டேன். ஒரு கோட்டை இழுக்கும்போதெல்லாம் மேஸ்திரியின் முகம் எப்படிச் சுருங்கும் என்று யோசிப்பேன். நல்ல கோடாக வரும். பக்தியில் படித்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு வெறுப்புதான் அலாரம், வெறுப்புதான் காப்பி.

இரண்டாம் வருஷம் ஒரு புதன்கிழமை. வாத்தியார் தன் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு பொருளை முன்னாலிருந்து பார்த்த படத்தைத் தாளின் நடுவில் போடுகிறோம். பக்கவாட்டில் பார்த்த படத்தை எங்கே போடுவது? அதற்கு இரண்டு வழக்கம் உண்டு என்றார். ஆங்கிலேயர் வழக்கத்தில், இடப்பக்கமிருந்து பார்த்த படத்தைத் தாளின் வலப்பக்கம் போடுவார்கள். அமெரிக்கர்கள், வலப்பக்கமிருந்து பார்த்ததையே வலப்பக்கம் போடுவார்கள். எந்த வழக்கம் என்று தாளின் மூலையில் சிறிதாக ஒரு வரி இருக்கும்.

"அந்த வரியைப் பாக்காம படிச்சேளோ, போச்சு. இடது வலதாயிடும், வலது இடதாயிடும். ஒரு லாட் மொத்தமும் குப்பைக்குப் போயிடும்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். என்ன ஓய் என்றார். ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தேன். பழைய ஃபோர்மேனுக்குப் பின்னால் நின்று மேஸ்திரி கற்றது ஆங்கிலேயர் வழக்கம். வந்த தாள் அமெரிக்காவுடையது. அந்த மூலையில் இருந்த வரியைப் படிக்க அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அறுபது பீஸையும் கெடுத்தது அவர்தான். கெடுத்துவிட்டு, கூசாமல் பொய் சொல்லி என்னை மாட்டிவிட்டிருக்கிறார். அன்று மாதுங்காவிலிருந்து தாராவி வரை நடந்தே போனேன். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஆனால் கையில் ஆதாரம் இல்லை. பழைய டிராயிங்குகள் எல்லாம் டிராயிங் ஆபீசில் பூட்டியிருக்கும். பிசிறு எடுக்கிறவன் அந்த வாசலில்கூட நிற்க முடியாது. பிராக்கெட்டுக்குப் பிறகு அமெரிக்க வேலை எதுவும் எங்கள் பிரிவுக்கு வந்திருக்கவில்லை. இன்னொரு அமெரிக்கத் தாள் வரட்டும் என்று காத்திருந்தேன். எட்டு மாதம் காத்திருந்தேன். இடையில் தேர்வு எழுதி இரண்டாம் வகுப்பில் தேறினேன். தொழிற்சாலையில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

அப்படி ஒரு தாள் ஒரு நாள் வந்தது. நாற்பது பீஸ், என் பழைய மெஷினுக்கு. மேஸ்திரி தாளை விரித்தபோது நான் பிசிறு எடுத்த சாமான்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் போனேன். மூலையில் அந்தச் சின்ன வரி. நடுவில் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம். அவர் சாக்பீஸை எடுத்து, நான் எதிர்பார்த்தபடியே, இடப்பக்கம் கோடு கிழித்தார்.

மேஜைக்குத் திரும்பி வந்து அரத்தை எடுத்துக்கொண்டேன். ஆண்டாப் ஹில்காரர் வெட்ட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு என்று நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். அவருக்கு நாலு பிள்ளைகள். வேலை கெட்டால் அடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். பதினோராவது பீஸ் இறங்கியபோது என்ஜினீயர் கூடத்துக்குள் வந்தார். தன்மேல் இரக்கப்பட்டு நான் எழுந்ததாக ஆண்டாப் ஹில்காரர் பின்னால் எல்லோரிடமும் சொன்னார். நான் எழுந்தது என்ஜினீயர் வந்ததால்தான்.

"சாப், ஏ கலத் ஹை" என்றேன். தப்பு என்று உரக்கவே சொன்னேன்.

மேஸ்திரி திரும்பி, "போடே ஒன் மேஜைக்கு" என்றார்.

நான் போகவில்லை. அவர் கக்கத்திலிருந்த தாளை உருவி மெஷின் மேஜைமேல் விரித்தேன். மூலையில் இருந்த வரியை விரலை வைத்து, வகுப்பில் கற்ற ஆங்கிலத்தில் படித்தேன். இது வலப்பக்கமிருந்து பார்த்த படம், ஸ்லாட் இந்தப் பக்கம் வர வேண்டும் என்று காட்டினேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. என்ஜினீயர் தாளைப் பார்த்தார், பீஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கே கற்றாய் என்று கேட்டார். சொன்னேன். மேஸ்திரியின் முகம் வெளிறிப் போயிருந்தது. இரண்டு வருஷமாக மனதில் வரைந்து பார்த்த முகத்தைவிட நன்றாக இருந்தது.

"அன்னைக்கு அறுபது பீஸும் இப்படித்தான் அண்ணாச்சி. நான் திருப்பி மாட்டல" என்றேன்.

"அது வேற. அது நீ செஞ்சதுதான்" என்றார் அவர்.

என்ஜினீயருக்குப் பழைய கதையில் அக்கறை இல்லை. அடுத்த வாரம் என் மெஷின் எனக்குத் திரும்பி வந்தது. ஆண்டாப் ஹில்காரருக்குப் புது மெஷின் ஒன்று கொடுத்தார்கள். அமெரிக்கத் தாள்கள் மேஸ்திரி கைக்குப் போகாமல் நேராக என் கைக்கு வந்தன. எல்லாம் கிடைத்தது, அந்த ஒரு வார்த்தையைத் தவிர. எல்லோர் முன்னாலும் மாட்டிக்கொண்ட பிறகும் பொய்யை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கு வெறுப்பு இரட்டிப்பானது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் புது நோட்டுப் புத்தகம், சீவிய பென்சில். நாற்பத்தேழு வயது மனிதர். என் மனைவி பாயை விரித்து டீ கொடுத்தாள். பாதி டீ குடித்துவிட்டுச் சொன்னார்.

"அந்த அமெரிக்காப் படத்தை எனக்குச் சொல்லிக் குடுடே. ஒரு நாலு ஞாயித்துக்கிழமை போதும்."

"குடுக்கேன் அண்ணாச்சி. நாளைக்குக் கூடத்துல வச்சு அந்த அறுபது பீஸும் ஒங்க தப்புன்னு சொல்லிருங்க. அடுத்த ஞாயிறே ஆரம்பிச்சிரலாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செய்யாததைச் செஞ்சேன்னு எப்பிடிடே சொல்லுவேன்?"

"நான் கையெழுத்தே போட்டேம்லா. நீங்கதான எடத்தைக் காட்டுனீங்க."

அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். நோட்டுப் புத்தகத்தை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். வாசல் தாண்டும்போது எனக்கு இன்னும் ஆறவில்லை. "மாதுங்காவுல வகுப்பு நடக்கு. திங்க, புதன், வெள்ளி. சின்னப் பயலுவகூட உக்காந்து படிங்க" என்று தெருவுக்குக் கேட்கச் சொன்னேன். என் மனைவி அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. வீடு தேடி வந்த மனிதரை இப்படியா பேசுவது என்று மட்டும் பக்கத்து வீட்டுக்காரியிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னாள். எனக்கு வருத்தமே இல்லை. அன்று மத்தியானம் மீன்குழம்பை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த வகுப்பு ஆரம்பித்தபோது அவர் அதில் பெயர் கொடுத்துச் சேர்ந்துவிட்டார். டீ ஸ்கொயரோடு வண்டியில் ஏறியதைப் பார்த்தவர்கள், "அண்ணாச்சி கலெக்டராகப் போறாவ" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டார் என்று டீக்கடையில் பந்தயம் கட்டினேன். அவர் ஒரு வகுப்பையும் விடவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து, கையை வெள்ளையாகத் தேய்த்துக்கொண்டு போவார். என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு வியாழக்கிழமை காலை, வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் என் மெஷின் முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு பழைய நீலத்தாள், மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. டிராயிங் ஆபீசில் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். மெஷினை நிறுத்தச் சொல்லி, மேஜைமேல் இருந்த இரும்புத்தூளைக் கையால் ஒதுக்கிவிட்டுத் தாளை விரித்தார். பிராக்கெட் டிராயிங். பிறகு ஒவ்வொரு மெஷினாகப் போய் ஆட்களைக் கூப்பிட்டார். என்ஜினீயரையும் அவரே போய் அழைத்து வந்தார்.

"அந்த அறுபது பீஸ் போச்சுல்லா, அது இந்தத் தாளு. இவன் திருப்பி மாட்டல. நாந்தான் இடம் வலம் தெரியாமக் கோடு போட்டிருக்கேன். நேத்து வகுப்புல வாத்தியார் தீப்பெட்டிய வச்சுச் சொன்னப்பதான் எனக்கே வெளங்கிச்சு. இத்தனை வருசமா இவன்தான் கெடுத்தான்னு நான் நெசமாவே நம்பிக்கிட்டு இருந்தேன்."

அதையே என்ஜினீயருக்கு ஹிந்தியில் சொன்னார். கையெழுத்து வாங்கிய காகிதத்தைக் கிழித்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

ஐந்து வருஷமாக நான் கேட்ட வார்த்தை. அதே கூடம், அதே ஆட்கள், அதே வாய். இந்த நாளுக்கென்று பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அது பொய்யனுக்கென்று தயார் செய்த பதில். அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பொய்யனை வெறுத்துத்தான் நான் அத்தனையும் படித்தேன். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். என்ஜினீயர் அன்று அந்தத் தாளை விரித்துப் பிடித்தபோது எனக்குத் தெரியாததுபோலவே அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. புதன்கிழமை மாலை தெரிந்தது, வியாழக்கிழமை காலை வந்து சொல்லிவிட்டார். எனக்கும் ஒரு புதன்கிழமைதான் தெரிந்தது. நான் எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய நாளிலும் பதினோரு பீஸ் பாழாகும்வரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். அவர் தாளை மடித்தார்.

"மன்னிச்சுக்கிடுடே" என்றார்.

நான் மெஷினைப் போட்டேன். சத்தத்தில் காதில் விழாததுபோல பீஸைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு நன்றாகக் கேட்டது.